கையொப்பமில்லாத கட்டளைகள்: ஒப்பந்தத் தொழிலாளரிடம் முதலாளி ஏன் பேசுவதில்லை?

தொழிலாளர் துறை அலுவலகங்களில் நடைபெறும் சமரசப் பேச்சுவார்த்தைகளில் அண்மைக் காலமாக ஒரு சொல் அடிக்கடி ஒலிக்கிறது: ‘கம்யூனிகேஷன் கேப்’. இரண்டு மாத ஊதியம் வரவில்லை என்று தூய்மைப் பணியாளர்கள் முறையிடுகிறார்கள். நிறுவனத்துக்குரிய தொகையை விடுவித்துவிட்டோம் என்கிறது நகராட்சித் தரப்பு. பில் இன்னும் பாஸ் ஆகவில்லை என்கிறது ஆள் வழங்கும் ஒப்பந்த நிறுவனம். வருகைப் பட்டியலில் முரண்பாடு இருந்ததாகவும், அதை நிறுவனத்துக்குத் தெரிவித்ததாகவும் மேற்பார்வையாளர் சொல்கிறார். அப்படி எதுவும் வரவில்லை என்று நிறுவனம் மறுக்கிறது. அரைமணி நேரத்துக்குப் பின் இரு தரப்பும் சமாதானமாகி, தங்களுக்கிடையில் ஒரு சிறு தகவல் இடைவெளி ஏற்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்கின்றன. அலுவலர் அடுத்த வாய்தா தேதியை எழுதுகிறார். ஒரு நாள் கூலியை இழந்து வந்திருந்த பெண்கள் பேருந்துக்குக் கிளம்புகிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப மனிதவள ஆலோசகர்களிடம் மருந்துகள் பல உண்டு. கைப்பேசிச் செயலி, கட்டணமில்லாத் தொலைபேசி எண், மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு, மாதம் ஒருமுறை குறைகேட்புக் கூட்டம் என்று அப்பட்டியல் நீளும். இவை எதையும் நாம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஏதோ கவனக்குறைவால் இந்த இடைவெளி நேர்ந்துவிட்டது என்ற அனுமானத்தின் மேல்தான் இம்மருந்துகள் அனைத்தும் நிற்கின்றன. அந்த அனுமானத்தை நாம் ஏற்கவில்லை. முதன்மை வேலையளிப்பவர் ஒப்பந்தத் தொழிலாளரிடம் நேரடியாகப் பேசாமலிருப்பதற்கும், பேசினாலும் எழுத்தில் பேசாமலிருப்பதற்கும் வலுவான சட்டக் காரணம் ஒன்று உள்ளது. அதைப் புரிந்துகொள்ளாத வரை எத்தனை செயலி வந்தாலும் பணியாளருக்குப் பதில் வராது.

ஒரு நகராட்சியின் மஸ்டர் பாயின்டில் காலை ஆறு மணிக்கு நடப்பதைப் பார்ப்போம். எந்தத் தெருவை யார் கூட்டுவது என்பதை அரசு ஊழியரான துப்புரவு ஆய்வாளர் வாய்மொழியாகச் சொல்கிறார். அதைக் கேட்டு நிறுவனத்தின் சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். கூட்டி முடித்த தெருவைப் படமெடுத்துப் பணியாளர் அதே குழுவில் அனுப்ப வேண்டும். அந்தப் படத்தை ஆய்வாளரும் பார்க்கிறார், அவருக்கு மேலுள்ள அதிகாரியும் பார்க்கிறார். கட்டளை இறங்குவதற்கும் கண்காணிப்பு ஏறுவதற்கும் எந்தத் தடையும் இல்லை, நொடியில் நடக்கிறது. விடுப்பு கேட்கும்போதும், கையுறை கேட்கும்போதும், பிடித்தம் செய்த பி.எஃப். பணம் எங்கே என்று கேட்கும்போதும்தான் பாதை அடைபடுகிறது. ஆய்வாளர், ‘உங்கள் கம்பெனியைக் கேளம்மா’ என்கிறார். சூப்பர்வைசர், ‘மேலே சொல்லியிருக்கிறேன்’ என்கிறார். மேலே என்பது எங்கே இருக்கிறது, அதன் முகவரி என்ன, அங்கே அமர்ந்திருப்பவர் பெயர் என்ன என்பது பல பணியாளர்களுக்குக் கடைசி வரை தெரிவதில்லை. தகவல் தொடர்பு குறைவாக இருக்கிறது என்று சொல்வதைவிட, அது ஒருவழிப் பாதையாக இருக்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

சட்டம் இவ்வளவு இருளை அனுமதிக்கவில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குபடுத்தல் மற்றும் ஒழித்தல்) சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மைய அரசின் 1971 விதிகள், பணியில் சேர்ந்த மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் வேலை அட்டை தர வேண்டும் என்றன. ஊதியச் சீட்டும் பணி முடிந்தால் பணிச் சான்றிதழும் கட்டாயமாக இருந்தன. அச்சட்டத்தின் 21ஆவது பிரிவு இன்னும் சுவையாக இருந்தது. ஒப்பந்ததாரர் ஊதியம் வழங்கும் நேரத்தில் முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி அங்கே இருக்க வேண்டும், வழங்கிய தொகைக்குச் சான்று அளிக்க வேண்டும், ஒப்பந்ததாரர் தராமல் விட்டால் முதன்மை வேலையளிப்பவரே தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது அது. மாதம் ஒருமுறையாவது மூன்று தரப்பும் ஒரே மேசையில் முகம் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருளாக இருந்தது. ஊதியம் வங்கிக் கணக்குக்கு மாறிய பிறகு அந்த மேசையும் மறைந்தது. இப்போது குறுஞ்செய்தி வருகிறது. தொகை குறைந்திருந்தால் குறுஞ்செய்தியிடம் காரணம் கேட்க முடியாது. (வங்கி வழி ஊதியம் இடைத்தரகரின் கைவரிசையைப் பெரிதும் குறைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.)

பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றிலும் நிலை இதுவே. வருங்கால வைப்புநிதித் திட்டத்தின் 30ஆவது பத்தியும், இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40ஆவது பிரிவும், ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தப்பட்டவருக்கும் பங்களிப்பைச் செலுத்தும் பொறுப்பை முதன்மை வேலையளிப்பவர் மீதே வைத்தன. ஆகவே ‘கம்பெனியைக் கேள்’ என்று ஓர் அதிகாரி சொல்லும்போது, சட்டம் தன் மீது வைத்த சுமையைத்தான் அவர் சத்தமின்றி இறக்கி வைக்கிறார்.

மௌனத்துக்கான காரணம்

ஒருவர் யாருடைய தொழிலாளி என்பதை முடிவுசெய்ய நீதிமன்றங்கள் நீண்ட காலமாகக் கேட்டுவரும் கேள்வி, அவருடைய வேலையைக் கட்டுப்படுத்துவதும் மேற்பார்வையிடுவதும் யார் என்பது. 1956இல் தராங்கதரா உப்பளத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை வகுத்தது. 1978இல் ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஆழமாகச் சென்றார். தொழிலாளியின் பிழைப்பும் வேலையின் தொடர்ச்சியும் யார் கையில் இருக்கின்றனவோ அவரே உண்மையான முதலாளி, இடையில் ஒப்பந்ததாரர்கள் நிற்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பின்னர் காற்று திசை மாறியது. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்ட இடத்தில் தொழிலாளர் தாமாகவே முதன்மை வேலையளிப்பவரின் பணியாளர் ஆகிவிடுவர் என்று 1996இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதைத் திரும்பப் பெற்றது. ஒப்பந்தம் வெறும் போர்வை என்பதைத் தொழில் தீர்ப்பாயத்தில் தொழிலாளரே மெய்ப்பிக்க வேண்டும் என்றானது. 2009இல் சர்வதேச விமான நிலைய ஆணைய வழக்கில் மற்றொரு வேறுபாடு நுழைந்தது. ஆள் வழங்கும் ஒப்பந்தத்தில் தொழிலாளர் முதன்மை வேலையளிப்பவரின் மேற்பார்வையில் பணிபுரிவது இயல்பே, அது இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு, ஆளை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்யும் முதல்நிலைக் கட்டுப்பாடு ஒப்பந்ததாரரிடமே உள்ளது என்றது நீதிமன்றம். 2019இல் பி.எச்.இ.எல். எதிர் மகேந்திர பிரசாத் ஜக்மோலா வழக்கிலும் அதே தர்க்கம் தொடர்ந்தது. ஊதியத்தை நேரடியாகக் கொடுப்பவர் யார், வேலையைக் கட்டுப்படுத்துபவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தொழிலாளர் தரப்பில் சான்று போதவில்லை என்று அவ்வழக்கில் தொழிலாளர் தோற்றனர்.

இத்தீர்ப்புகளை முதலாளிகளின் வழக்கறிஞர்களும் வாசிக்கிறார்கள். அவர்கள் தம் கட்சிக்காரருக்குச் சொல்லும் அறிவுரை எளிமையானது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு உங்கள் லெட்டர்பேடில் எதுவும் எழுதாதீர்கள். விடுப்பு விண்ணப்பத்தில் கையொப்பமிடாதீர்கள். உங்கள் அலுவலக மின்னஞ்சல் பட்டியலில் அவர்களைச் சேர்க்காதீர்கள். தவறு செய்தால் நீங்கள் மெமோ கொடுக்காதீர்கள், நிறுவனத்திடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். மேலாளர் தன் முன்னால் நிற்கும் பெண்ணிடம் பேசாமல், ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிறுவன அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, அங்கிருந்து சூப்பர்வைசருக்குச் செய்தி வந்து, அவர் மூலம் அந்தப் பெண்ணுக்கே அது வந்துசேரும் விந்தை இப்படித்தான் பிறக்கிறது. எதிர்கால வழக்கொன்றில் சான்றாகிவிடக்கூடாது என்ற எச்சரிக்கையே அந்தச் சுற்றுவழி. தகவல் தொடர்பு ‘மோசமாக’ இருப்பதில்தான் முதலாளியின் பாதுகாப்பு இருக்கிறது.

மலக்குழி மரணங்களில் இம்மௌனம் உயிரையே வாங்குகிறது. உள்ளே இறங்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இருப்பதேயில்லை. நாங்கள் இறங்கச் சொல்லவில்லை, இயந்திரத்தைத்தான் பயன்படுத்தச் சொன்னோம் என்று முதன்மை வேலையளிப்பவர் கூறுவார். முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் சூப்பர்வைசரின் பெயரும் துணை ஒப்பந்ததாரரின் பெயரும் இருக்கும். சில நேரங்களில் அவர்களும் நம் சேரிகளிலிருந்து வந்தவர்களாகவே இருப்பார்கள். பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியதோடு, ஒப்பந்ததாரர்கள், முகமைகள் வழி நடக்கும் பணிகளிலும் மனிதர் இறங்கும் நிலை இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. ஒப்பந்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் பொறுப்பு ஒளிந்துகொள்ளும் என்பதை நீதிமன்றமும் கண்டிருந்தது என்றே இதை நாம் வாசிக்க வேண்டும்.

ரிப்பன் மாளிகை வாசலில்

2025 ஆகஸ்ட் மாதம் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்த போராட்டத்தை இந்த வெளிச்சத்தில் மறுபடியும் பார்க்கலாம். உழைப்போர் உரிமை இயக்கத்தின் தலைமையில் ஆகஸ்ட் 1இல் தொடங்கிய அப்போராட்டத்தை, நடைபாதையிலிருந்து அவர்களை அகற்றுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை கலைத்தது. அவர்களில் பலர் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் மாநகராட்சிக்கு வேலை செய்தவர்கள். பெருந்தொற்றின் நாட்களில் தெருக்களில் நின்றவர்கள். தெருவை ஒதுக்கியது மாநகராட்சி, மேற்பார்வையிட்டது மாநகராட்சி, தாளில் மட்டும் ‘குழு உறுப்பினர்’. இரு மண்டலங்களும் தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டபோது, இனி நிறுவனத்தில் சேருங்கள், வேலை பறிபோகவில்லை என்று அரசுத் தரப்பு விளக்கியது. போராட்டத்தைப் புரியாமை என்றும், தூண்டுதல் என்றும் சொன்னவர்களும் உண்டு.

புரியாமல் போகவில்லை. மிக நன்றாகவே புரிந்திருந்தது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம், 1981, இருபத்து நான்கு மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கக் கோருகிறது. நிறுவனம் மாறினால் சேர்ந்த தேதி மாறும். புதிய அடையாள அட்டை வரும், புதிய சீருடை வரும், பழைய நாட்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மாநகராட்சியின் பெயர் இருக்கும் தாளிலிருந்து அப்பெயர் இல்லாத தாளுக்கு நகர்த்தப்படுகிறோம் என்பதை அப்பெண்கள் எந்த வழக்கறிஞரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள். கலைக்கப்பட்ட மறுநாள், ஆகஸ்ட் 14 அன்று, தமிழக அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு நல்லதே. கேட்ட கேள்வியோ, எங்கள் முதலாளி யார் என்பது.

மும்பையின் கதை இன்னும் நீளமானது. அந்நகரின் கச்ரா வாஹ்துக் ஷ்ராமிக் சங்கம் நடத்திய வழக்கில், சுமார் 2,700 குப்பை அள்ளும் தொழிலாளர்களை மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர்களாக ஏற்க வேண்டும் என்ற தீர்ப்பாய ஆணையை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வெற்றிக்குப் பிறகும் பலர் காத்திருக்க நேர்ந்தது. பட்டியலில் உள்ள பெயருக்கும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயருக்கும் எழுத்து வேறுபாடு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆண்டுக்கணக்கில் ஒரு மனிதரிடம் வேலை வாங்கிய அமைப்பு அவர் பெயரைச் சரியாக எழுதி வைக்கத் தேவை இருந்ததில்லை.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கல்லூரி நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. மைய அரசின் நமஸ்தே திட்டத்துக்காகக் கணக்கெடுக்கப்பட்டு 2024இல் வெளிவந்த சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர் விவரத்தில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினர். அவர்களில் பட்டியல் சாதியினர் மட்டும் 69 விழுக்காடு அளவில் இருந்தனர். நிரந்தர வேலை இருந்த காலத்திலும் இத்தொழிலைச் செய்தவர்கள் இவர்களே. ஆனால் அப்போது பணிப்பதிவேடு இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, அதிகாரி கையொப்பமிட்டாக வேண்டியிருந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையில் நேர்ப்பேச்சு இல்லாத காலத்தில், கட்டளை வெட்டியான் வழியாகவோ தலையாரி வழியாகவோ சேரிக்கு வந்தது. சேரியின் குரல் ஊரின் எல்லையிலேயே நின்றது. அதே அமைப்பு இன்று டெண்டர் ஆவணத்தின் மொழியில் திரும்பியிருக்கிறது என்று சொன்னால் மிகை என்பார்கள் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பாளர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். ஒரே தெருவில் நிரந்தரப் பணியாளர், குழுப் பணியாளர், கம்பெனிப் பணியாளர் என்று மூவர் மூன்று ஊதியத்துக்குக் கூட்டுவதையும், மூவரும் ஒரே காலனியிலிருந்து வந்திருப்பதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதிய சட்டமும் கையிலுள்ள சான்றும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் தரக் கோருகிறது. நல்ல செய்தியாகத் தோன்றும். அதே தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையை 20இலிருந்து 50ஆக உயர்த்திவிட்டது. 45 பேரைக் கொண்ட ஒப்பந்தங்களாக ஒரு நகராட்சி தன் வார்டுகளைப் பிரித்துக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு பிரிவு நேரடியாக நம்மைத் தொடுகிறது. நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக்கூடாது என்று பொதுவாகத் தடைவிதிக்கும் தொகுப்பு, கூட்டுதல், கழிவு சேகரித்தல், அகற்றுதல் போன்ற தூய்மைப் பணிகள் மையப் பணி ஆகா என்று விலக்கும் அளிக்கிறது. ஆனால் அவ்விலக்கு, அப்பணிக்காகவே ஏற்பட்ட நிறுவனத்துக்குப் பொருந்தாது. மென்பொருள் நிறுவனத்துக்குத் துடைப்பம் மையப் பணி இல்லை என்று வாதிட இடமிருக்கலாம். நகராட்சிக்கு? அரசமைப்பின் 12ஆவது அட்டவணை நகராட்சிகளின் பொறுப்புகளில் பொதுச் சுகாதாரத்தையும் திடக்கழிவு மேலாண்மையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குப்பை அள்ளுவது நகராட்சியின் மையப் பணி இல்லை என்றால் வேறு எது என்ற வாதத்தை உயர் நீதிமன்றங்களில் எழுப்பியாக வேண்டும். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் பணியாற்றி நீக்கப்பட்ட துப்புரவுப் பெண்களையும் தோட்டப் பணியாளரையும் நிரந்தரப்படுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தற்காலிக வேலை என்ற பெயரில் அரசே சுரண்டுவதையும், அவ்வேலையை வெளிமுகமைக்குத் தள்ளுவதையும் அது கடிந்துகொண்டது. அவர்கள் முகமை வழி வந்தவர்கள் இல்லை என்பதால் இத்தீர்ப்பு ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அப்படியே பொருந்திவிடாது. ஆயினும் கதவு சற்றுத் திறந்திருக்கிறது.

அந்தக் கதவுக்குள் செல்லச் சான்று வேண்டும். முதலாளி எழுத்தில் பேசாவிட்டாலும் அவர் பேசியதன் தடம் இன்று பணியாளரின் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆய்வாளர் உறுப்பினராக உள்ள வாட்ஸ்அப் குழுவின் உரையாடல், அவர் குரலில் வந்த கட்டளை, விடுப்பை மறுத்த செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்குமாறு சங்கத் தோழர்கள் ஒவ்வொரு பணியாளரிடமும் சொல்ல வேண்டும். திரைப்படமாக எடுத்து வைத்தால் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆவது பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது, எனவே மூலக் கைப்பேசியும் முக்கியம். எந்தத் தெரு என்று சொன்ன செய்தி இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு என்று ஒதுக்கப்படலாம். யாரை எடுப்பது, யாரை நிறுத்துவது, யாருக்கு எத்தனை நாள் ஊதியம் வெட்டுவது என்று அதிகாரி தீர்மானித்ததைக் காட்டும் ஒரு செய்தி நூறு தெருப் படங்களுக்குச் சமம். பி.எஃப். பாஸ்புக்கில் யு.ஏ.என். எண்ணுக்குக் கீழ் வரிசையாக நிற்கும் நிறுவனப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். நிறுவனங்கள் மாறியும் ஆளும் தெருவும் மாறாததை அந்த ஒற்றைத் தாள் சொல்லிவிடும்.

மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசுக் கல்லூரியோ நகராட்சியோ, டெண்டர் ஆவணம், பணி ஆணை, ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட ஆள் எண்ணிக்கை, தலைக்கு வழங்கப்படும் தொகை, மாதாந்திர பில் விடுவித்த தேதி ஆகிய ஐந்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். பில் விடுவித்த தேதியையும் பணியாளரின் கணக்கில் ஊதியம் ஏறிய தேதியையும் அருகருகே எழுதிக்கொண்டு சமரசப் பேச்சுவார்த்தைக்குச் செல்லுங்கள். ‘கம்யூனிகேஷன் கேப்’ எத்தனை நாள், அந்த நாட்களில் பணம் யாரிடம் இருந்தது என்பதை அலுவலரின் முன்னிலையில் கேட்டுப் பதிவுசெய்ய வைக்கலாம்.